விமானியின் கத்தியும் என் அப்பாவின் கண்ணும்

நான் விமானப்படையில் சேர்ந்த செய்தியை அம்மா எங்கள் சேரி முழுக்க ஒரு மாதிரிச் சொல்லிவைத்திருந்தாள். மகன் ஏரோப்ளேன் ஓட்டப் போகிறான் என்பது அவள் கணக்கு. மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ஒரே நிலக்காரர் வீட்டு வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். நாற்று நடும்போது தலைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போனால் வரிசையாக எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு குனிந்துகொள்வார்கள். அதற்கு மேல் விமானத்தோடு எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. உத்திரமேரூரில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்து முடித்த கையோடு, ஐம்பதுகளின் நடுவில், எங்கள் சபைப் போதகர் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஆள் எடுக்கும் இடத்தில் நிறுத்தினார். எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கிடைத்த வேலை விமானம் ஓட்டுவதல்ல. விமானத்தைத் தொடுவதுகூட அதிகம் இல்லை. பாராசூட் மடிப்பதும், விமானி குதிக்க நேர்ந்தால் அவரோடு கீழே போகவேண்டிய சாமான்களைக் கட்டிவைப்பதும் எங்கள் பிரிவின் வேலை. ரப்பர்ப் படகு, தண்ணீர்ப் பை, மீன் தூண்டில், கண்ணாடி, விசில், தீப்பெட்டி, மருந்து. இவற்றோடு ஒரு கத்தி.

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நீள மேசை மேல் பழைய கத்திகளைப் பரப்பிவைத்திருந்தார்கள். அதுவரை கத்தி என்றால் எனக்கு அறுவாளும் வெட்டுக்கத்தியும்தான். விமானிக்கு எதற்குக் கத்தி என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எங்கள் சார்ஜெண்ட் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தார். எதையும் சும்மா பார்க்கக்கூடாது, பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் பழக்கம்.

முதலில் கொடுத்தது ஒரு சின்னக் கத்தி. அதன் கைப்பிடி தக்கையால் ஆனது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். முனை மொட்டையாக இருந்தது. கூர்முனை இல்லாத கத்தியா என்று ஒருவன் சிரித்தான். கடலில் விழுந்தவன் ரப்பர்ப் படகில் உட்கார்ந்திருப்பான், கை நடுக்கத்தில் முனை படகைக் குத்திவிட்டால் அவன் கதை முடிந்தது என்றார் சார்ஜெண்ட். சிரித்தவன் நிறுத்திக்கொண்டான். அடுத்தது கொக்கி மாதிரி வளைந்தது, வளைவின் உள்பக்கம் மட்டும் கூர். உடம்பைச் சுற்றி இறுக்கும் பாராசூட் கயிற்றை, தோலைக் கீறாமல் அறுப்பதற்கு. பிறகு இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளுக்கு மேலே பறந்தவர்களுக்குக் கொடுத்த வெட்டரிவாள். அது மடங்கும். விமானத்துக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் கிடையாது என்பதால், கீல் வைத்து மடக்கித் தகட்டு உறை போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் கனமான கத்தி ஒன்றும் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தாலே மணிக்கட்டு வலிக்கும்.

ஜெட் விமானங்கள் வந்த பிறகு கத்தி குட்டையானது. இருக்கையோடு மேலே தூக்கி எறியப்படும் விமானியின் காலில் நீளமான கத்தி கட்டியிருந்தால் அதுவே அவரைக் காயப்படுத்தும். அமெரிக்கக் கத்தி ஒன்று முதலில் சற்று நீளமாக வந்து, விமானிகள் முணுமுணுத்த பிறகு ஒரு விரல்கடை அளவு குறைந்து வந்தது. தோல் வளையங்களை அடுக்கிச் செய்த கைப்பிடி. அலகின் முதுகில் ரம்பப் பல். உடைந்து விழுந்த விமானத்தின் தகட்டை அறுத்து வெளியே வருவதற்கு அந்தப் பல். கைப்பிடியின் அடியில் தட்டையான இரும்புக் குமிழ், சுத்தியல் மாதிரி அடிக்கலாம். கைக்காப்பில் இரண்டு ஓட்டைகள், ஒரு கழியில் வைத்துக் கட்டினால் ஈட்டி. உறையின் முன்னால் ஒரு குட்டிப் பை, அதற்குள் சாணைக்கல். ஒரு மனிதன் தனியாக விழுந்து கிடக்கும்போது அவனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

சில வருடங்கள் கழித்து, நாட்டின் கிழக்கு மூலையில், காடும் மலையுமான ஒரு தளத்தில் இருந்தேன். பயிற்சி கொடுத்த அதே சார்ஜெண்ட்தான் அங்கேயும் எங்களுக்கு மேலே இருந்தார். அப்போது எங்கள் படைப்பிரிவில் இருந்த விமானிகளில் ஒருவர் பஞ்சாப் பக்கத்துக்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. கத்தியின் கைப்பிடியிலிருந்து உறைக்கு ஒரு நாடா கட்டவேண்டும் என்பது விதி. கத்தி கைநழுவினாலும் உடம்போடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நாடா ஏணியில் ஏறும்போது மாட்டுகிறது என்று விமானிகள் சிலர் அதை அறுத்துப்போடுவார்கள்.

ஒருநாள் காலை அந்தப் பஞ்சாப்காரர் புறப்படும்போது அதைக் கழற்றச் சொன்னார். நான் முடியாது என்றேன். தைரியத்தால் அல்ல, சார்ஜெண்ட் மேல் எனக்கிருந்த பயத்தால். நாடா இல்லாமல் ஒருவரை அனுப்பினேன் என்று தெரிந்தால் அவர் என்னை உரித்துவிடுவார். கழற்றுவதற்குப் பதிலாக அதைச் சுருக்கி, மாட்டாதபடி மடித்துக் கட்டிக்கொடுத்தேன். எல்லாருக்கும் அம்மா இருக்கிறாள், எனக்கு நீயும் ஒரு அம்மாவா என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு ஏணியில் ஏறினார்.

அந்த விமானம் திரும்பி வரவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது, குதிக்கிறேன் என்று ரேடியோவில் சொன்னாராம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தேடப் போன விமானங்கள் பச்சைக் காட்டைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் திரும்பின. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னை உட்காரவைத்து, பாராசூட்டை யார் மடித்தது, எப்படி மடித்தாய், சாமான் பையை யார் கட்டியது என்று நிதானமாகக் கேட்டார். குற்றம் சாட்டவில்லை. ஆனால் நான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் நானே சந்தேகப்பட்டேன். அந்த நாட்களில் வேதாகமத்தில் எனக்குத் தெரிந்த சங்கீதங்களையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாராசூட் மடிக்கும் மேசைக்குப் போனால் கை தானாக வேலை செய்யும், மனம் அந்தக் காட்டில் கிடக்கும்.

ஒரு வாரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். காலை நாஷ்டாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். சார்ஜெண்ட் நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்து, உயிரோடு இருக்கிறார் என்றார். மலைவாசிகள் மூங்கில் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். நான் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார்ஜெண்டும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கணுக்கால் உடைந்து ராணுவ ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்த விமானியை, பிறகு சென்னைப் பக்கத்துத் தளம் ஒன்றில் தரைவேலைக்கு மாற்றினார்கள். அதற்கடுத்து வந்த தைப் பொங்கல் கழித்து, அறுப்புச் சமயத்தில், நான் லீவில் ஊருக்கு வந்தேன். வரும் வழியில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் அதிகம் பேசவில்லை. என் ஊருக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த நேரம். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்கள் தெருமுனையில் நின்றது. வைக்கோலின் மேலிருந்து தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர், ஒரு காலை ஜாக்கிரதையாக ஊன்றி, மெதுவாக இறங்கினார். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வண்டிக்காரர் பாதி வழியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒரு பொதுவான வார்த்தைகூடக் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில்தான். அதை வேப்பமரத்தடியில் போட்டு அவரை உட்காரவைத்தோம். தெருவே கூடிவிட்டது. அம்மாவுக்கு என்ன சமைப்பது என்று கைகால் ஓடவில்லை. புது அரிசி இருந்தது. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவர் கையால் பிசைந்து சாப்பிட்டார். காரத்தில் கண்ணில் நீர் வந்தும் நிறுத்தவில்லை.

சாப்பிட்ட பிறகு அம்மா அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள். "காட்ல இன்னா துன்னுக்கினு இருந்தே கண்ணு?" என்று கேட்டாள். நான் இந்தியில் சொன்னேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அன்று மத்தியானம் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

உயரமான மரத்தில் பாராசூட் சிக்கி, அவர் பாதி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாராம். கயிறு ஒன்று கழுத்தைச் சுற்றியிருந்தது. அதை அறுக்கக் கத்தியை உருவியபோது ரத்தத்தில் வழுக்கிக் கையைவிட்டுப் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தார். அது தொடைக்குப் பக்கத்தில் நாடாவில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பிடித்து, கயிறுகளை அறுத்து, அறுத்த கயிற்றையே முடிச்சுப் போட்டு இறங்கும்போது கடைசியில் விழுந்ததில்தான் கணுக்கால் உடைந்தது. சாமான் பை மேலே கிளையிலேயே மாட்டிக்கொண்டது. தண்ணீர், மருந்து, விசில் எல்லாம் அதற்குள். கீழே வந்தது அவரும் கத்தியும் மட்டும்தான்.

மூங்கில் வெட்டிக் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். சில மூங்கில் கணுக்களுக்குள் தண்ணீர் இருந்தது. காட்டு வாழையின் தண்டைக் கீறித் தின்றார். ஓடையில் கிடைத்த நத்தைகளைக் குமிழால் உடைத்துத் தின்றார். இதை நான் தமிழில் சொன்னதும் எங்கள் தெருப் பெண்கள் தலையாட்டினார்கள். நத்தை அவர்களுக்குப் புதிதல்ல.

"கத்தியின் கூர்மை எனக்குச் சோறு போட்டது. ஆனால் என்னைக் காப்பாற்றியது அதன் பின்பக்கம்" என்றார் அவர். மேலே விமானம் போகும்போது அலகை வெயிலில் காட்டிப் பார்த்தாராம், யாரும் பார்க்கவில்லை. நடக்கத் தெம்பு போன பிறகு, காய்ந்து உள்ளே கூடான ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, இரும்புக் குமிழால் அதை அடித்துக்கொண்டே இருந்தார். கை ஓய்ந்தால் மறுகை. அந்தச் சத்தத்தைக் கேட்டு, இது மரங்கொத்தி அல்ல என்று தெரிந்துகொண்டு, இரண்டு மலைவாசிகள் வந்தார்கள். அவர்கள் முதலில் செய்த காரியம், அவர் கையைப் பிடித்து அடிப்பதை நிறுத்தியது. அவராக நிறுத்த முடியவில்லையாம்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த நாடாவை நான் கழற்றச் சொன்னேன். நீ கட்டிக்கொடுத்தாய். நன்றி சொல்ல வந்தேன். இதை உன் அப்பா அம்மா முன்னால் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்" என்றார்.

இதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. எழுந்து வந்து அவர் தலைப்பாகையின் மேல் கைவைத்து ஆசீர்வதித்தாள்.

அவர் கித்தான் பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தார். மேலிடத்தில் அனுமதி கேட்டுத் தனக்கென்று வாங்கி வைத்துக்கொண்டாராம். எனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தார். நான் மறுத்தேன். அது உங்கள் கையோடு இருந்த பொருள், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் தெருவில் எல்லாரும் ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும் என்றார். கத்தி கைக்குக் கை போயிற்று. ரம்பப் பல்லைத் தடவிப் பார்த்தார்கள். சாணைக்கல்லை எடுத்துத் திரும்பச் செருகினார்கள். அறுவாளோடு வாழ்ந்தவர்கள் அவர்கள், கத்தியைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு கருத்து இருந்தது.

கடைசியில் அப்பா கைக்கு வந்தது. விரலால் அலகை நீளவாக்கில் தடவி, எடை பார்த்தார். "கெட்டி சாமான்தான். ஆனா நெல்லறுக்க ஒதவாது" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு பற்களைப் பார்ப்பதற்காகக் கத்தியைக் கண்ணருகே கொண்டுபோனார். இன்னும் அருகே, மூக்கில் படும்படி. கூர்ப்பக்கம் அவர் முகத்தை நோக்கி இருந்தது. விமானி சட்டென்று எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அப்பாவின் மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் கண்களைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கருமணியின் மேல் பால் மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்கச் சொன்னார். அம்மாதான் சொன்னாள். இரண்டு அறுப்பாக அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கையால் நெல்தாளைத் தடவித் தடவித்தான் அறுக்கிறார். பக்கத்து வரிசையில் அவள் நின்று மீதியை அறுத்துவிடுவாள். எனக்குத் தெரிந்தால் வேலையை விட்டு வந்துவிடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் நிலக்காரர் வந்தார். பட்டாளத்து அதிகாரி ஒருவர் சேரிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எல்லாரும் எழுந்து ஒதுங்கினார்கள். அவர் கொடுமைக்காரர் அல்ல. நான் படிக்கப் போனபோது, மாடு மேய்க்க அனுப்பு என்று கேட்காமல் விட்டவர். அதற்கு நான் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். அதிகாரியைத் தன் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட அழைத்தார். இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டேன், இன்னொரு நாள் வருகிறேன் என்றார் விமானி. பிறகு கட்டிலில் நகர்ந்து, ஒரு பக்கம் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மறுபக்கத்தை நிலக்காரருக்குக் காட்டினார்.

நிலக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் ஒரே கட்டிலில் அப்பாவும் அவரும் உட்கார்ந்திருந்ததை எங்கள் தெருவில் வெகுகாலம் பேசினார்கள். அது போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அவர்கள் அப்படி உட்கார்ந்தார்கள் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நிலக்காரர், அறுப்பு எப்படியும் நடக்கும், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ என்று என்னிடம் சொன்னார்.

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்றதும் அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். அம்மா கெஞ்சினாள், நான் கோபித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. விமானி அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் கயிறு இறுக்கிய தழும்பின் மேல் வைத்து, இந்தக் கயிற்றை அறுத்தது கத்திதான், கத்தி கெடுதல் செய்யாது என்று சொல்லச் சொன்னார். அப்பா அந்தத் தழும்பை விரலால் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். "செரி. போலாம்" என்றார்.

சென்னையின் பெரிய கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தக் காலத்துச் சிகிச்சை வேறு. அறுத்த பிறகு தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் மல்லாந்து கிடக்கவேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது. உழைத்தே பழகிய உடம்பு, சும்மா கிடப்பதுதான் அப்பாவுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. டியூட்டி முடிந்ததும் விமானி வந்துவிடுவார். அவர் பஞ்சாபியில் என்னவோ பேசுவார், அப்பா தமிழில் என்னவோ சொல்லுவார். நான் டீ வாங்கப் போய்த் திரும்பி வரும்போது இருவரும் விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். மலைவாசிகளும் அவரும் அந்தக் காட்டில் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கண்கட்டைப் பிரித்தார்கள். சில வாரம் கழித்துத் தடித்த கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டியதும் அப்பா முதலில் எதிரே நின்ற விமானியைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தினி சின்னப் புள்ளயா நீ?" என்றார். "இந்த வயசுலயா மரத்துல தொங்கினே?"

நான் அதை இந்தியில் சொன்னதும் அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காட்டில் கிடந்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அழாதவர் அன்றைக்கு அழுதார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பிறகு மறுபடி பறந்தார். பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போனார். நல்லபடியாக ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். நானும் வேலையில் கடைசிவரை இருந்தேன். ரஷ்யாவிலிருந்து விமானங்கள் வந்தபோது அவர்கள் நாட்டு வெட்டுக்கத்தியும் கூடவே வந்தது. அகலமானது, நீளமானது, கிளை வெட்டத் தோதானது. அதற்கும் நாடா கட்டினேன். யாராவது கழற்றச் சொன்னால் சுருக்கிக் கட்டிக்கொடுத்தேன். நான் மடித்த பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வரவில்லை என்று எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒருவர் வந்தாரே, அது என் ஆயுசுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பாவைக் கண்ணாடியோடு ஊருக்குக் கூட்டிவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தேன். வழியில் தெரிந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, ஒரு செவலை மாடு, சைக்கிளில் போகும் பொம்பளை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் கவனிக்கவில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் பாலாறு வந்தது. எங்கும் மணல், நடுவில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர்.

"தண்ணி கீது பாரு" என்றார் அப்பா.

நானும் பார்த்தேன்.